தேர்வுத்தாளும் தஆருஃபும்: கல்லூரிகளில் பண்பாட்டறிவை அளக்கும் முறை பற்றி

சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கலைக் கல்லூரிகளில், பகுதி ஒன்று தமிழ்ப் பாடத்தின் வழியாகச் சீறாப்புராணமும் குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்களும் பல தலைமுறை மாணவர்களைச் சென்றடைந்துள்ளன. தேவாரத்தையும் திவ்வியப் பிரபந்தத்தையும் பயிலும் மாணவர், கிறித்தவத் தமிழ் இலக்கியத்தோடு இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தையும் பயில்கிறார். தமிழ்க் கல்வியின் பெருமைகளுள் இது ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் இவ்வாறு பயின்றவர் தம் அண்டை அயலாரைப் பற்றி உண்மையில் எதை அறிந்துகொண்டார்? அதை நாம் எவ்வாறு அளக்கிறோம்? இவ்வினாக்கள் போதிய கவனம் பெறவில்லை.

1994இல் நிறுவப்பட்ட தேசியத் தர மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழு கல்லூரிகளுக்கு வரும்போது, ஒவ்வொரு பாடத்தின் விளைவுகளும் எந்த அளவுக்கு அடையப்பட்டன என்று கேட்டுவந்துள்ளது. கல்லூரிகளும் பண்பாட்டுணர்வு, சமய நல்லிணக்கம் முதலியவற்றை விளைவுகளாக எழுதிவைக்கின்றன. அவை அடையப்பட்டதற்குச் சான்றாகக் காட்டப்படுபவை மதிப்பெண்களே. பருவத் தேர்வுக்கு 75, அகமதிப்பீட்டுக்கு 25 என்பது பரவலாக உள்ள பகிர்வு. பருவத் தேர்வில் ஆசிரியர் குறிப்பும் நூற்சிறப்பும் பொருள் விளக்கமும் கேட்கப்படுகின்றன. இவை நினைவாற்றலைச் சோதிக்க உதவும். நினைவாற்றலைப் பண்பாட்டுணர்வு என்று கணக்கில் எழுதும்போதுதான் பிழை நேர்கிறது.

குணங்குடியாரையே எடுத்துக்கொள்வோம். 1792இல் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்து, சென்னைக்கு வந்து வாழ்ந்து, 1838இல் மறைந்தவர் அவர். இராயபுரத்தில் அவருடைய தர்கா உள்ளது. தொண்டியிலிருந்து வந்தமையால் அவரை மக்கள் தொண்டியார் என்று அழைத்தனர் என்றும், அதனாலேயே தொண்டியார்பேட்டை எனும் ஊர்ப்பெயர் உண்டாயிற்று என்றும் கூறுவர். உரைகளிலும் குறிப்புகளிலும் இச்செய்தி தொடர்ந்து எடுத்தாளப்படுகிறது. இதை விடைத்தாளில் எழுதும் மாணவருக்கு மதிப்பெண் கிடைக்கும்.

ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி எழும்பூர், புரசைவாக்கம் ஆகிய சிற்றூர்களோடு தொண்டியார்பேட்டையையும் பெற்றது 1693இல். குணங்குடியார் பிறப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே அவ்வூர் அப்பெயரோடு இருந்திருக்கிறது. ஹதீஸ் கலை பயின்றோருக்கு இவ்வகைச் சோதனை புதிதன்று. அறிவிப்பாளரின் பிறப்பு ஆண்டையும் அவர் யாரிடம் கேட்டதாகச் சொல்கிறாரோ அவருடைய இறப்பு ஆண்டையும் ஒப்பிட்டு, இருவரும் சந்தித்திருக்க இயலாதெனில் அத்தொடரை அறுந்தது என்று முஹத்திஸுகள் ஒதுக்கினர்.

அதற்காக அச்செய்தியைத் தூக்கியெறிந்துவிடுவதும் முறையன்று. வரலாறாக அது நிற்காது. எனினும் அது பிறந்த காரணம் ஆராயத்தக்கது. வெளியூரிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் ஞானியைத் தம் ஊரின் பெயருக்கே உரியவராக்கிக்கொள்ள இப்பகுதி மக்கள் விரும்பியிருக்கிறார்கள். அவர்மீது நான்மணிமாலை பாடியவர் திருத்தணிகை சரவணப்பெருமாளையர் என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தால் அவ்விருப்பத்தின் ஆழம் புலப்படும். ஆண்டுகளைக் கொண்டு செய்தியைச் சோதிப்பதும், அதைப் போற்றிய மக்களின் மனத்தை உணர்வதும் ஆகிய இரண்டும் கூடியதே பண்பாட்டறிவு. நமது வினாத்தாள் இவ்விரண்டில் ஒன்றையும் கேட்பதில்லை.

இக்குறையை உணர்ந்த மேலைநாட்டார் வேறு வழிகளை நாடினர். 1986இல் மில்டன் பென்னட், பிற பண்பாட்டை மறுக்கும் நிலையிலிருந்து அதனோடு இணங்கி வாழும் நிலைவரை மனிதர் அடையும் வளர்ச்சியைப் படிநிலைகளாக வகுத்தார். 2009இல் அமெரிக்கக் கல்லூரிகளின் கூட்டமைப்பொன்று வெளியிட்ட அளவுகோல், தன் பண்பாட்டைப் பற்றிய தன்னுணர்வு, பிறருடைய உலகநோக்கு பற்றிய அறிவு, பிறர் நிலையில் நின்று உணர்தல், அறியும் ஆர்வம் முதலிய ஆறு கூறுகளை நான்கு படிகளில் மதிப்பிட வழிசெய்தது. மாணவர் முதலில் தம் பண்பாட்டையே ஒரு பண்பாடாகக் காண வேண்டும் என்பது இதில் நாம் ஏற்கத்தக்க நல்ல கருத்து.

எனினும் மனப்பாங்குக்கு மதிப்பெண் இடுவதில் ஓர் ஆபத்து உண்டு. பிற சமயத்தாரை மதிக்கிறீரா என்று வினாப்படிவத்தில் கேட்டால், இல்லை என்று எழுதும் மாணவர் அரிதினும் அரிது. ஏதும் அறியாதவர் தமக்கு எல்லாம் தெரியும் என்று எழுதுவார். சிறிது கற்றவர் தம் அறியாமையை உணர்ந்து குறைத்து எழுதுவார். அப்போது கற்றவருக்குக் குறைந்த எண்ணும் கல்லாதவருக்கு மிகுந்த எண்ணும் வந்து சேரும். இதைவிட, உள்ளத்தில் இல்லாததை மதிப்பெண்ணுக்காக எழுதப் பழக்குவது நிஃபாக்கின் வாயிலைத் திறப்பதாகும். வெளிப்படையானதைக் கொண்டே தீர்ப்பளிப்போம், உள்ளத்தை அல்லாஹ்விடம் விடுவோம் என்பது ஃபிக்ஹு அறிஞர்களின் நெறி. ஆசிரியருக்கும் அதுவே தகும். மாணவரின் உள்ளத்தை விட்டு, அவர் செய்த பணியை அளக்க வேண்டும்.

அப்பணி எத்தகையது? ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம், மனிதர் பல குலங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டதன் நோக்கத்தைச் சுட்டும்போது ஆளும் வினை தஆருஃப் எனும் வடிவத்தது. ஒருவர் மற்றவரை அறிய, அவரும் இவரை அறிதல் என்னும் இருவழிப் பொருளை அவ்வடிவம் தருகிறது. அதன் வேரிலிருந்து வரும் மஃரிஃபா எனும் சொல்லுக்கு, ஒரு பொருளை அதன் தடயத்தைக் கொண்டு சிந்தித்து அறிதல் என்று இமாம் ராகிப் அல்இஸ்ஃபஹானீ தம் முஃப்ரதாத்தில் விளக்கம் தருகிறார்.

தடயங்களுக்கு வடசென்னையில் பஞ்சமில்லை. புனித பேதுருவின் தமிழ்ப்பெயரான இராயப்பர் என்பதிலிருந்து வந்த இராயபுரத்தில், தென்னிந்தியாவின் முதல் பயணியர் ரயில் 1856இல் புறப்பட்ட நிலையம் இருக்கிறது. 1910ஆம் ஆண்டுக் காலத்துப் பார்சிகளின் அக்கினி ஆலயமும் இருக்கிறது. திருவொற்றியூரில் தியாகராசர் கோயிலும் பட்டினத்தார் சமாதியும் உள்ளன. எண்ணூரில் 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, மீனவர் வலையும் படகும் பாழாயின. அம்மீனவர் காற்றையும் நீரோட்டத்தையும் பற்றி அறிந்தவையும் பண்பாடே.

அகமதிப்பீட்டின் 25இல் பத்தை இத்தகைய ஒரு பணிக்கு ஒதுக்கலாம். மாணவர் தமக்கு உரியதல்லாத ஒரு மரபைப் பற்றி இரண்டு பக்கம் எழுதட்டும். அதை அளக்கும் கோல் அல்பீரூனீயிடம் இருக்கிறது. 1030ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றி எழுதிய அவர், வடமொழி கற்று, கண்டதையும் கேட்டதையும் வேறுபடுத்தி, மறுப்புரையாக அன்றி இந்துக்களின் கொள்கைகளை அவர்கள் கூறுமாறே எடுத்துரைக்க முயன்றார். ஆகவே மாணவரிடம் நான்கு கேள்விகள் போதும். கண்டது எது, கேட்டது எது என்று பிரித்தாரா? கேட்டதைச் சோதித்தாரா? அம்மக்களின் சொற்களையே ஆண்டாரா? எழுதியதை அவர்களுள் ஒருவருக்குப் படித்துக் காட்டினாரா? மாணவர் தாம் கற்றதை ஆசிரியருக்கே படித்துக் காட்டும் அர்ளு எனும் முறை நம் மரபில் உள்ளதே. பார்சி ஆலயத்துள் பிறர் நுழைய இயலாது. வாயிலிலேயே நின்று அதன் காரணத்தைக் கேட்டறிந்து எழுதும் மாணவரும் முழு மதிப்பெண் பெறத் தகுந்தவரே. அறுபது பேர் கொண்ட வகுப்பில் இது பெரும் சுமை என்பர் ஆசிரியர். பருவத்துக்கு ஒரு முறை, இரண்டே பக்கம் என்று வரையறுத்தால் அச்சுமை தாங்கத்தக்கதாகும்.

நம்மவரிடமிருந்தும் ஒரு மறுப்பு எழலாம். தர்கா வழிபாட்டை ஏற்காத வீட்டுப் பிள்ளை ஏன் குணங்குடியாரைப் பற்றி எழுத வேண்டும்? திருவொற்றியூர்க் கோயிலைப் பற்றி ஏன் அறிய வேண்டும்? அறிதல் வேறு, ஏற்றல் வேறு என்பதே விடை. அல்பீரூனீ அத்தனையும் அறிந்த பின்னும் முஸ்லிமாகவே இருந்தார். மேற்கூறிய நான்கு கேள்விகளுள் ஒன்றுகூட மாணவரின் ஈமானைத் தொடவில்லை. மாணவரிடம் பக்தியைக் கேட்கும் தேர்வும் தவறு. வெறுப்பைப் பொறுத்துக்கொள்ளும் தேர்வும் தவறு.

இக்கோல் கலைக் கல்லூரிகளுக்கு மட்டும் உரியதன்று. பட்டினத்தார் யார் என்று கேட்காமலே ஸனது வழங்கும் நம் அரபிக் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். தஆருஃப் இருவழிச் சொல் என்றால், சீறாவைப் பயிலும் இந்து மாணவருக்கு நாம் பட்டிருக்கும் கடனை, அவருடைய மரபைப் பிழையின்றி எடுத்துரைக்க வல்ல ஆலிம்களை உருவாக்கியே தீர்க்க முடியும்.