லாவெந்துரா: காணாமற்போன பெண்ணும் ஏமாந்த பார்வையாளரும்

லாவெந்துரா, இத்தாலிய இயக்குநர் மைக்கேலாஞ்சலோ அந்தோனியோனி 1960-இல் எடுத்த கருப்பு வெள்ளைத் திரைப்படம். இச்சொல்லுக்குச் சாகசம் என்று பொருள். குறுகிய காலக் காதல் உறவையும் குறிக்கும். அவ்வாண்டு மே மாதம் கான் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிட்டபோது அரங்கில் கேலிச் சிரிப்பும் கூச்சலும் எழுந்தன. மறுநாள் ரொபெர்த்தோ ரோசெல்லினி உள்ளிட்ட திரைக்கலைஞர்களும் விமர்சகர்களும் படத்தை ஆதரித்து அறிக்கை வெளியிட்டனர். அதே விழாவில் படத்துக்கு நடுவர் பரிசு கிடைத்தது. 1962-இல் 'சைட் அண்டு சவுண்ட்' இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் உலகின் சிறந்த படங்களுள் இரண்டாம் இடம் பெற்றது.

இதைச் சொல்வோர் பலரும், கூச்சலிட்டவர்களை ரசனையற்றவர்கள் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். அது நியாயமன்று. அவர்களுடைய ஏமாற்றத்துக்குக் காரணம் படத்திலேயே இருக்கிறது.

செல்வர் வீட்டுப் பெண்ணான அன்னா, காதலன் சாந்த்ரோ, தோழி கிளாவ்தியா ஆகியோருடன் சிசிலிக்கு அருகிலுள்ள தீவுகளுக்குப் படகில் செல்கிறாள். சாந்த்ரோவுடன் வாக்குவாதம் நடக்கிறது; பிறகு அவளைக் காணவில்லை. படம் தொடங்கி அரைமணி நேரம்கூட ஆகியிராது. இதற்குமேல் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் படம் ஓடுகிறது. அன்னா திரும்புவதே இல்லை. என்ன ஆனாள் என்பதும் தெரிவதில்லை.

இயக்குநர் தொடக்கத்தில் துப்பறியும் கதைக்குரிய தடயங்களையெல்லாம் வைக்கிறார். நீந்தும்போது சுறாமீனைக் கண்டதாக அன்னா பொய் சொல்லியிருக்கிறாள். அவள் பையில் விவிலியமும் ஒரு நாவலும் கிடைக்கின்றன. விவிலியம் வைத்திருந்தவள் தற்கொலை செய்துகொள்ள மாட்டாள் என்று தந்தை நம்புகிறார். இத்தனையும் காட்டிவிட்டு விடை தராமல் போனால் பார்ப்பவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். பாடத் தொடக்கத்தில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு மணி அடிக்கும்வரை அதன் பக்கம் வராத ஆசிரியரிடம் மாணவர்கள் எப்படி நெளிவார்கள் என்பது வகுப்பில் நின்றவர்களுக்குத் தெரியும். அதே 1960-இல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'விலும் நாயகி பாதிக்கு முன்பே மறைகிறாள். ஆனால் அங்கே சேற்றில் மூழ்கிய கார் கடைசியில் வெளியே இழுக்கப்படுகிறது, கணக்கு தீர்கிறது.

லாவெந்துராவில் தேடல் மெல்லச் சாக்குப்போக்காகிறது. சில நாள்களிலேயே சாந்த்ரோவும் கிளாவ்தியாவும் காதலர்களாகிவிடுகிறார்கள். முன்பு அன்னா இறந்திருப்பாளோ என்று துடித்த கிளாவ்தியா, படத்தின் இறுதிப் பகுதியில் அவள் உயிரோடு திரும்பிவிடுவாளோ என்று அஞ்சுகிறாள். என் கணிப்பில் படத்தின் மையம் இந்த இடம். பார்வையாளர் அன்னாவை இன்னும் எதிர்பார்த்திருக்கிறார். திரையில் இருப்பவர்கள் அவள் வராமலிருந்தால் போதும் என்று ஆகிவிட்டார்கள். விடையைச் சொல்லியிருந்தால் இந்த மறதியின் கொடுமை நமக்கு உறைத்திராது. அவளைப் பற்றிய கவலையைப் பார்வையாளரிடம் மட்டும் விட்டுவைத்ததால்தான் உறைக்கிறது.

படத்தில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. மாளிகையில் இளம் ஓவியனும் விருந்தினரும் வரும் பகுதி நீளம். அங்கே கண்ணயர்ந்தவரைக் குறைசொல்ல முடியாது. மாறாக, நோத்தோ நகரில் ஓர் இளைஞன் வரைந்துகொண்டிருக்கும் படத்தின்மேல் சாந்த்ரோ மையைக் கொட்டிவிடும் காட்சி சில நிமிடங்கள்தான். கட்டடக் கலைஞனாக விரும்பி, பணத்துக்காக மதிப்பீடு போடும் வேலைக்குப் போன அவன் கசப்பு முழுவதும் அதில் வந்துவிடுகிறது.

இப்படத்தைப் பின்பற்றியதாகச் சொல்லிக்கொள்ளும் சில கலைப்படங்கள் நீண்ட மௌனத்தையும் முடிக்காத முடிவையும் மட்டும் எடுத்துக்கொண்டன. அவற்றில் நாம் கவலைப்பட ஓர் அன்னா இல்லை. அங்கே ஏற்படும் ஏமாற்றம் வேறு வகை. மறுமுறை பார்த்தாலும் அது மாறாது. லாவெந்துராவை மறுமுறை பார்ப்பவர், அவள் வரமாட்டாள் என்று தெரிந்தே உட்கார்கிறார். அப்போது முதல்முறை கவனிக்காத ஒன்று கண்ணில் படும்: அன்னா கொடுத்த சட்டையை, அவள் காணாமற்போன தீவிலேயே கிளாவ்தியா அணிந்திருக்கிறாள்.