செருப்புத் தைப்பவரின் மகன் எங்கே போனான்?

குழந்தைகளுக்காகவும் கல்விக்காகவும் அமைப்பு நடத்திப் பேர் வாங்கியவர்களின் வாழ்க்கைக் கதை இன்றைக்கு ஒரு தனி இலக்கிய வகையாகவே ஆகிவிட்டது. விருது மேடைக் குறிப்பு, பத்திரிகைப் பேட்டி, நிறுவனத்தின் ஆண்டறிக்கை, எதை எடுத்தாலும் ஒரே அச்சு. முதலில் ஒரு காட்சி. அதில் ஓர் ஏழைப் பிள்ளை. அதைப் பார்த்து மனசு பதைக்கிற வருங்காலத் தலைவர். அப்புறம் வேலையை உதறுதல், அமைப்பு, வெளிநாடு, பரிசு. தலபுராணங்களை மனப்பாடம் பண்ணித் தேர்வு எழுதிய எனக்கு இந்த அச்சு ஒன்றும் புதுசாகப் படவில்லை.

கைலாஷ் சத்யார்த்தியை எடுத்துக்கொள்வோம். மத்தியப் பிரதேசத்து விதிஷாவில் 1954இல் பிறந்தவர். மின் பொறியியல் படித்தவர். அதை விட்டுவிட்டு 1980இல் 'பச்பன் பச்சாவ் ஆந்தோலன்' தொடங்கினார். 1998இல் குழந்தை உழைப்புக்கு எதிரான உலக நடைப்பயணத்தை நடத்தினார். 2014இல் மலாலாவோடு சேர்த்து நோபல் அமைதிப் பரிசு. கொத்தடிமைப் பிள்ளைகளை மீட்கப் போய் அடிபட்டவர் என்பதையும் நான் மறுக்கவில்லை. என் பிரச்சினை அவர் அல்ல, அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை.

அந்தக் கதையின் முதல் காட்சியை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் நாள். வாசலில் ஒரு செருப்புத் தைப்பவரும் அவர் மகனும். மகனுக்கும் இவர் வயசுதான். ஏன் அவன் உள்ளே வரவில்லை என்று ஆசிரியரைக் கேட்கிறார், பதில் திருப்தியாக இல்லை. ஒருநாள் அப்பாவையே கேட்கிறார். நாங்கள் உழைக்கப் பிறந்தவர்கள் என்ற பொருளில் அவர் ஏதோ சொல்கிறார். அவ்வளவுதான். அப்பாவும் மகனும் கதையிலிருந்து போய்விடுகிறார்கள். அந்தப் பையனுக்குப் பேர் என்ன? பிறகாவது பள்ளிக்குப் போனானா? கதை கேட்டவர்கள் யாரும் இதைக் கேட்டதாகத் தெரியவில்லை. செருப்புத் தைப்பவர் என்றால் என்ன சாதி என்று இந்த நாட்டில் எவரும் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் உலக மேடைக்குப் போகும்போது அவர் வெறும் 'ஏழை' ஆகிவிடுகிறார்.

இன்னொரு காட்சியும் உண்டு. காந்தி நூற்றாண்டான 1969இல் துப்புரவுத் தொழிலாளர்களைச் சமைக்கவைத்து ஊர்ப் பெரிய மனிதர்களை விருந்துக்கு அழைத்தாராம். ஒருத்தரும் வரவில்லை. வீட்டிலும் ஒதுக்கினார்கள். 'சர்மா'வை விட்டார், பிறகு 'சத்யார்த்தி' ஆனார். சாதிப் பேரை உதறுவது சின்ன விஷயம் இல்லை, சரிதான். ஆனால் சமைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அன்று ராத்திரி என்ன பேசிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்? ஆறிப்போன சோறு யார் வீட்டுக்குப் போயிற்று? பார்த்தவருக்குக் கதை இருக்கிறது, பார்க்கப்பட்டவர்களுக்கு இல்லை.

பார்க்கப்பட்ட பிள்ளையே எழுதிய கதை நம்மிடம் இல்லாமலில்லை. 1855இல், பூனாவில் ஃபுலே தம்பதியர் நடத்திய பள்ளியில் படித்த முக்தா என்ற மாங் சாதிச் சிறுமி, 'ஞானோதயா' பத்திரிகையில் மாங், மகார் மக்களின் துயரம் பற்றிக் கட்டுரை எழுதினாள். வேதம் பார்ப்பனருக்கு மட்டும்தான் என்றால் எங்கள் மதம் எது என்று கேட்டாள். கூரைகூட இல்லாமல் மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் தன் சாதிப் பெண்களைப் பற்றி எழுதினாள். அம்பேத்கரும் சதாராவில் பள்ளிக்கூடத்துக்குத் தன் கோணிப்பையைத் தானே தூக்கிப் போய் அதில் உட்கார்ந்தவர். அவரும் அமைப்பு வைத்தார். 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா, அடுத்த வருஷம் சோலாப்பூரில் மாணவர் விடுதி, 1945இல் மக்கள் கல்விக் கழகம். வாசலுக்கு வெளியே உட்கார்ந்த பிள்ளையே தலைவராகி வந்த கதை இது. குழந்தை உரிமைத் தலைவர்கள் என்று பட்டியல் போடுகிறவர்கள் இந்தப் பெயர்களை ஏன் வேறு அலமாரியில் வைக்கிறார்கள்?

இந்த வகையில் எனக்கு மாறுபட்டுத் தெரிபவர் சாந்தா சின்ஹா. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்தவர். மாமிடிப்பூடி வெங்கடரங்கையா அறக்கட்டளை வழியாக 1991 முதல் ரங்காரெட்டி மாவட்டத்தில் வேலைக்குப் போன பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். 2003இல் மகசேசே விருது. 2007 முதல் 2013 வரை தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் முதல் தலைவர். பதவி, பரிசு எல்லாம் இவருக்கும் உண்டு. ஆனால் வறுமையால்தான் பெற்றோர் பிள்ளையை வேலைக்கு அனுப்புகிறார்கள், அவர்களுக்குப் படிப்பில் ஆசை இல்லை என்ற வாதத்தை இவர் ஏற்கவில்லை. பள்ளிக்கு வெளியே இருக்கிற பிள்ளை எதுவானாலும் அது குழந்தைத் தொழிலாளிதான், ராப்பள்ளி தீர்வு ஆகாது, முழுநேரப் பள்ளிதான் வேண்டும் என்றார். உழைக்கப் பிறந்தோம் என்ற அந்த ஒற்றை வரியோடு பெற்றோரைக் கதையிலிருந்து அனுப்பிவிடாதவர் இவர்.

அந்த வரி இப்போது சட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். பதினாலு வயசு வரை எந்த வேலையும் கூடாது. ஆனால் பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத 'குடும்பத் தொழிலில்' உதவலாம். (சத்யார்த்தியும் இது போதாது என்றவர்தான்.) இது நமக்குக் கேட்ட குரல் இல்லையா? 1953இல் ராஜாஜி சென்னை மாநிலத்தில் கொண்டுவந்தது பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று பெரியார் எதிர்த்தார். 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. சாதிக்கொரு தொழில் இருக்கிற நாட்டில் குடும்பத் தொழில் என்றால் என்ன பொருள்? ஐயர் வீட்டுப் பிள்ளை விடுமுறையில் செய்யும் உதவியும் தோல் தைப்பவர் வீட்டுப் பிள்ளை செய்யும் உதவியும் ஒன்றா?

ஆம்பூர்ப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தின் மாலைப் பள்ளியில் ரெண்டு வருஷம் பாடம் சொன்னேன். ஷூவின் மேற்பாகத்தைக் கையால் தைக்கும் வேலை அங்கே வீட்டுக்கே வரும். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அம்மா தைப்பார், பள்ளி விட்டு வந்த பிள்ளை பக்கத்தில் உட்காரும். நாங்கள் மாசத்துக்கு ஒரு பிள்ளையின் கதையைப் படத்தோடு எழுதித் தரவேண்டும். படிவத்தில் 'பெற்றோர் தொழில்' என்று ஒரு கட்டம் உண்டு, சாதிக்குக் கட்டம் கிடையாது. கேட்டதற்கு, நிதி தருகிறவர்களுக்கு அது புரியாது என்றார்கள். கடைசியில் 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று ஒரு வரி. நிறுவனரின் பேர் மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் மாறாமல் இருக்கும்.

அச்சாகி வந்த புத்தகத்தை ஒரு வீட்டுக்கு எடுத்துப் போனேன். அந்த அம்மா ஊசியைக் கீழே வைக்காமலே படத்தைப் பார்த்தார். “எம் புள்ள போட்டோ எங்கெங்கயோ போயிட்டு வருது. அவனையும் அனுப்புவாங்களானு கேட்டுச் சொல்லு” என்றார்.