கடைசிப் பாடலின் இடம்

ஆல்பத்தின் கடைசிப் பாடலுக்கென்று தனி மதிப்பு ஏற்பட்டது லாங்பிளே இசைத்தட்டு வந்த பிறகுதான். பழைய 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று முதல் ஐந்து நிமிட இசைதான் அடங்கும். பாட்டு முடிந்தால் தட்டும் முடிந்துவிடும். 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட 12 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழன்றது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசையைத் தாங்கியது. எந்தப் பாடலை முதலில் வைப்பது, எதைக் கொண்டு முடிப்பது என்ற யோசனை இசைக்கலைஞருக்கு இன்றியமையாததாயிற்று.

அந்தத் தட்டுக்கு ஓர் இயற்பியல் குறையும் உண்டு. தட்டு ஒரே சீராகச் சுழன்றாலும், ஊசிக்கு அடியில் ஓடும் தடம் வெளிவிளிம்பில் நொடிக்கு ஏறத்தாழ 50 செ.மீ. வேகத்தில் நகர்கிறது, நடுவை நெருங்கும்போது அது 20 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதே ஒலியைக் குறைந்த நீளத்தில் நெருக்கிச் செதுக்க வேண்டியிருப்பதால் கீச்சொலிகள் மங்குகின்றன, சில சமயம் பிசிறடிக்கின்றன. அதனால் ஆரவாரமான பாடல்களை முன்னால் வைத்து, மெல்லிய ஒன்றைக் கடைசியில் வைப்பதே பாதுகாப்பான வழி. ஆனால் நினைவில் நிற்கும் முடிவுகள் பல, பாதுகாப்பை யோசிக்காதவர்கள் செய்தவை. பீட்டில்ஸ் குழுவின் தட்டுகளை வரிசையாகக் கேட்டால் இது தெளிவாகும்.

அவர்களுடைய முதல் ஆல்பமான 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'யின் 14 பாடல்களில் பத்து, 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் லண்டன் ஏபி ரோடு ஸ்டூடியோவில் பதிவாயின. குழுவின் பாடகர் ஜான் லெனனுக்கு அன்று கடுமையான சளி. 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' தொண்டையைக் கிழித்துவிடும் என்று தெரிந்ததால் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அதை நாளின் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தார். முதல் தடவை பாடியதே தட்டில் ஏறியது. மறுமுறை முயன்றபோது குரல் எழும்பவில்லை. பதிவிலும் ஆல்பத்திலும் அது கடைசியாக நிற்பதற்குக் காரணம் ஒன்றே: அதற்குப் பிறகு பாடக் குரல் மிச்சமில்லை. நல்ல நிறைவுப் பாடலின் இலக்கணம் இதில் அடங்கியிருக்கிறது. எதற்குப் பின் வேறு எதையும் வைக்க முடியாதோ, அதுவே முடிவு.

1966இன் 'ரிவால்வர்' இதைத் தலைகீழாகச் செய்து காட்டியது. அதன் கடைசிப் பாடலான 'டுமாரோ நெவர் நோஸ்', அந்த ஆல்பத்துக்காக முதலில் பதிவானது. கிட்டத்தட்ட முழுப் பாடலும் ஒரே சுரத்தின் மேல் நிற்கிறது; அடியில் தம்பூராவின் மீட்டல். லெனனின் குரல் ஆர்கனின் சுழலும் ஒலிபெருக்கி வழியாக வருகிறது, சுற்றிலும் வெட்டி ஒட்டிய டேப் வளையங்கள் அலறுகின்றன. முதலில் பிறந்தது முதலில் நின்றிருந்தால் மற்ற பதின்மூன்றும் பழையனவாகத் தோன்றியிருக்கும். கடைசியில் வைத்ததால் அது அடுத்த ஆல்பத்துக்கான கதவானது.

அந்த அடுத்த ஆல்பம் 1967இல் வந்த 'சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்'. அதில் கற்பனை வாத்தியக் குழு ஒன்று மேடையேறுகிறது. முகப்புப் பாடலையே திரும்பப் பாடி விடைபெறுகிறது. நிகழ்ச்சி அங்கே முடிந்துவிட்டது. கைதட்டல் அடங்கும் இடத்திலிருந்துதான் 'எ டே இன் த லைஃப்' கிளம்புகிறது. வேஷம் கலைந்த பிறகு ஒலிக்கும் குரல் என்பதால்தான் அதற்கு அந்தக் கனம். ஆல்பத்தின் நடுவில் வைத்திருந்தால் இதே பாடல் பாதி வலுவைக்கூடப் பெற்றிருக்காது. நாற்பது கலைஞர்கள் தத்தம் கருவியின் கீழ்ச்சுரத்தில் தொடங்கி, பக்கத்தில் இருப்பவரைப் பொருட்படுத்தாமல் 24 தாள அளவுக்குள் உச்சிக்கு ஏற வேண்டும் என்பது மார்ட்டின் சொன்ன முறை. ஏற்றம் முடிந்ததும், பல பியானோக்களில் ஒரே நேரத்தில் இறங்கும் ஈ மேஜர் சுரக்கட்டு. அது நாற்பது நொடிக்கு மேல் கரைகிறது. ஒலி தேயத் தேயப் பதிவுப் பொறியாளர்கள் ஒலிவாங்கியின் அளவை ஏற்றிக்கொண்டே போனார்கள். கடைசி நொடிகளில் ஒரு நாற்காலி கிறீச்சிடுவதுகூடக் கேட்கும். ஒரு முடிவை இவ்வளவு பொறுமையாகக் கேட்க வைத்த ராக் பதிவு அதற்கு முன் இல்லை என்றே சொல்லலாம்.

1969இன் 'ஏபி ரோடு' ஒரு விதிவிலக்கு. 'தி எண்ட்' என்று பெயரே முடிவு. நால்வரும் தனித்தனியே வாசித்து விடைபெறுகிறார்கள். ஆனால் தட்டு அங்கே முடியவில்லை. 23 நொடியே ஓடும் 'ஹெர் மெஜஸ்டி' வேறோர் இடத்திலிருந்து வெட்டப்பட்ட துண்டு. எதையும் தூக்கி எறியக் கூடாது என்ற உத்தரவுக்குக் கட்டுப்பட்ட உதவிப் பொறியாளர் அதை டேப்பின் வாலில் ஒட்டி வைத்தார். கேட்டவர்களுக்குப் பிடித்துப்போய், அங்கேயே நின்றது. அதன் கடைசிச் சுரம் வெட்டில் போய்விட்டதால் பாதியில் நிற்கிறது. பெரிய முடிவுக்குப் பின் இன்னொரு பெரிய பாடல் நிற்காது. ஒரு முணுமுணுப்பு நிற்கும்.

பீட்டில்ஸ் கூட்டிக்கூட்டிச் செய்ததைச் சிலர் கழித்துச் செய்தார்கள். பாப் டிலனின் 'ஹைவே 61 ரீவிசிட்டட்' (1965) எட்டுப் பாடல்கள் வரை மின்கிதார் இரைச்சலில் ஓடி, பதினொரு நிமிட 'டெசலேஷன் ரோ'வில் மரக்கிதாருக்குத் திரும்புகிறது. பாப் மார்லியின் 'அப்ரைசிங்' (1980) இன்னும் துணிச்சலானது. ரெகே இசையின் முதுகெலும்பு பேஸ் கிதாரும் டிரம்ஸும். ஆல்பத்தின் கடைசிப் பாடலான 'ரெடெம்ப்ஷன் சாங்'கில் அவை இரண்டும் இல்லை. ஒரு கிதார், ஒரு குரல், அவ்வளவே. மார்லி உயிரோடிருந்தபோது வந்த கடைசி ஆல்பம் அது. 1981 மே மாதம் அவர் மறைந்தார். அந்தச் செய்தி தெரியாமல் கேட்டாலும் பாடல் குறைவதில்லை. தாளம் நின்றுபோனதே கேட்பவரை நிமிர்ந்து உட்கார வைக்கிறது.

சிடி வந்து 74 நிமிட இடம் கிடைத்தபோது ஆல்பங்கள் வீங்கின. கடைசிப் பாடல் பதினாறாவதாகவும் பதினெட்டாவதாகவும் தள்ளப்பட்டு, பலர் அதுவரை வந்து சேரவில்லை. இணைய ஒலிபரப்பு வரிசையையே கலைத்தது. ஸ்பாட்டிஃபை என்ற இணைய இசைச் சேவையில் ஆல்பத்தின் முதன்மைப் பொத்தானே பாடல்களைக் குலுக்கிப் போடுவதாக இருந்தது. 2021 நவம்பரில் பாடகி அடெல் கேட்டுக்கொண்டதன் பேரில் அது மாற்றப்பட்டது. இப்போது கட்டணச் சந்தாதாரர் பொத்தானை அழுத்தினால், கலைஞர் வைத்த வரிசையிலேயே ஆல்பம் ஓடுகிறது. கடைசிப் பாடல் கடைசியில் வருகிறது.