எல்லோருக்கும்

ஒரு நாவலைப் புகழ வேண்டுமானால் நம் விமர்சகர்களிடம் ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது: ‘இது எல்லோருக்குமான நாவல்.’ என் நாவல் ஒன்றுக்கும் அந்தப் பாராட்டு கிடைத்தது. சந்தோஷந்தான். ஆனால் ‘எல்லோருக்கும்’ என்ற சொல் எத்தனை வேஷம் போடக் கூடியது என்பதை, கூடுவாஞ்சேரியில் குடியிருக்கும் எனக்கு ஜி.எஸ்.டி. சாலையே தினமும் கற்றுக் கொடுக்கிறது.

இரவானால் அந்தச் சாலையில் ஆம்னி பஸ்கள் தெற்கு நோக்கி வரிசையாகப் போகின்றன. ‘ஆம்னிபஸ்’ லத்தீன் சொல். ‘எல்லோருக்கும்’ என்று பொருள். பிரான்ஸில் நாந்த் நகரத்தில் 1820-களில் ஓடிய பொதுக் குதிரை வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது. ஷில்லிபியர் என்பவர் 1829-ல் அதை லண்டனுக்குக் கொண்டுவந்தார். பிறகு ஜனங்கள் சொல்லைச் சுருக்கி ‘பஸ்’ என்றார்கள். மிஞ்சியது வெறும் வேற்றுமை உருபு! எல்லோரையும் கீழே இறக்கிவிட்டு, ‘க்கும் வந்துவிட்டதா?’ என்று நிறுத்தத்தில் நின்று கேட்பது மாதிரி.

தமிழ்நாட்டில் அந்த ‘ஆம்னி’ திரும்பி வந்து ஒட்டிக் கொண்டது. ஆனால் அர்த்தம் தலைகீழாகிவிட்டது. அரசாங்க வண்டி வெறும் பஸ். கூடுதல் காசு கொடுத்துப் படுத்துக் கொண்டு போகும் தனியார் வண்டி ஆம்னி பஸ். அது ஒப்பந்த ஊர்தி என்ற உரிமத்தில் ஓடுவது. வழியில் கை காட்டுகிறவரை ஏற்றிக் கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. பெயரோ ‘எல்லோருக்கும்’!

மற்றத் துறைகளைப் பாருங்கள். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில், டிரைவர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றும் வண்டி எதுவும் ஆம்னிபஸ். நீதிமன்றத்தில் ‘ஆம்னிபஸ் குற்றச்சாட்டு’ என்றால், யார் என்ன செய்தார் என்று சொல்லாமல் பொத்தாம்பொதுவாக அடுக்குவது. புத்தகக் கடையில், ஓர் ஆசிரியரின் பல நூல்களைச் சேர்த்துக் கட்டிய தடித்த தொகுப்பு. பிரெஞ்சு ரயில்வேயில், எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ரயில். செங்கற்பட்டு மின்சார வண்டியைப் போல.

இப்போது விமர்சகரைக் கேட்கலாம் அல்லவா? ஐயா, என் நாவல் இவற்றில் எது? தலை எண்ணிச் சொன்னீர்களா, பொத்தாம்பொதுவாகச் சொன்னீர்களா, தடிமனைப் பார்த்துச் சொன்னீர்களா?

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்தது. அது எல்லா ஸ்டேஷனிலும் நின்ற ரயில். வேகம் போதாது என்று குறை சொல்லலாம். யாரையும் விட்டுவிட்டுப் போனது என்று சொல்ல முடியாது. மௌனியின் கதைகளோ முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே. அதில் மோசடி ஒன்றுமில்லை. அவர் தம் வண்டியின் நெற்றியில் ‘எல்லோருக்கும்’ என்று எழுதிக் கொள்ளவில்லை. எனக்கு வருத்தமெல்லாம், ஒரு சிலரை மட்டும் ஏற்றிக் கொண்டு அந்தப் பலகையையும் மாட்டிக் கொள்ளும் நாவல்களைப் பற்றியும், பலகையை மட்டும் படித்துவிட்டு மதிப்புரை எழுதுகிறவர்களைப் பற்றியுந்தான்.

ஆங்கிலச் சட்டத்தில் சராசரி மனிதருக்கு ‘கிளாப்பம் ஆம்னிபஸ்ஸில் போகிறவர்’ என்று ஒரு பெயர் உண்டு. 1903-ல் நாடக விமர்சனம் ஒன்றைப் பற்றிய அவதூறு வழக்கில் அவர் பேச்சு வந்தது. விமர்சனம் நியாயமானதாக இருக்க, அந்த மனிதர் அதைச் சரியென்று ஒப்புக் கொள்ள வேண்டிய அவசியமில்லை என்றார் நீதிபதி. விமர்சகனுக்கு இவ்வளவு சுதந்திரம் இருக்கிறது! அதை வைத்துக் கொண்டு அவன் செய்ய வேண்டியது, இந்த நாவல் எங்கே நிற்கிறது, யாரை ஏற்றுகிறது, கை காட்டிய யாரைச் சாலையோரத்தில் விட்டுவிட்டுப் போகிறது என்று சொல்வதுதான். என் நாவலைப் பற்றியும் அதைச் சொல்லட்டும். ‘எல்லோருக்கும்’ என்ற பாராட்டைவிட அது எனக்கு உபயோகமாக இருக்கும்.