மஞ்சப்பைக் கணக்கு

2021 டிசம்பர் 23 அன்று தமிழ்நாடு அரசு பிளாஸ்டிக் பைக்கு மாற்றாக 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. கல்யாண வீட்டில் தாம்பூலப் பையாகக் கைக்கு வந்து, சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் பேருந்துப் பயணத்துக்கும் கூடவே போய், நூல் இற்றபின் அடுப்படியில் கரித்துணியாக முடிந்த மஞ்சள் துணிப்பைதான் மஞ்சப்பை. இடையில் அதைக் கையில் பிடித்தவனைப் பட்டிக்காட்டான் என்று சினிமா பல ஆண்டுகள் சிரித்தது. பட்டணம் வருகிறவர்கள் அதை மடித்துப் பெட்டிக்குள் ஒளித்தார்கள். அந்தக் கூச்சத்தைப் போக்கி, முதலமைச்சரே மேடையில் கையில் எடுக்கும் பொருளாக அதை உயர்த்தியதுதான் இயக்கத்தின் முதல் வெற்றி. அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. விட்டுப்போன பழக்கம் திரும்ப வரவேண்டுமானால், அதைச் செய்கிறவர் நாலு பேர் முன்னால் தலைநிமிர்ந்து செய்ய முடிய வேண்டும்.

அந்த வெற்றியை ஒப்புக்கொண்டுதான் கேட்கிறேன்: பையைப் பரப்புகிறோமா, பழக்கத்தைப் பரப்புகிறோமா? இரண்டும் ஒன்றென்று நினைத்துக்கொண்டதில் மஞ்சப்பையின் பலமும் கோளாறும் கலந்து கிடக்கின்றன.

முதலில் துணியின் கணக்கு. பருத்தி இயற்கையானது, ஆகவே துணிப்பை சுத்தமானது என்பது பொதுவான நம்பிக்கை. 2011-ல் பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை கடைப் பைகளை ஒப்பிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. மெல்லிய பிளாஸ்டிக் பையை ஒரே முறை பயன்படுத்தி எறிவதோடு ஒப்பிட்டால், புவி வெப்பமாதலில் அதற்கு ஈடாவதற்கே ஒரு பருத்திப் பையை 131 முறை எடுத்துப் போகவேண்டும் என்றது அது. 2018-ல் டென்மார்க் அரசுக்காகச் செய்யப்பட்ட ஆய்வில் பருத்திப் பைக்கு, பருவநிலையை மட்டும் பார்த்தால், 52 முறை. எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்தால் 7,100 முறை. இயற்கை வேளாண் பருத்தி என்றால் 20,000 முறை. வாரம் ஒரு தடவை சந்தைக்குப் போகிற குடும்பம் 52-ஐ ஒரே வருடத்தில் முடித்துவிடும். 7,100-ஐ முடிக்க நூறு வருடத்துக்கு மேல் ஆகும்.

இந்த 7,100-ம் 20,000-ம் வாட்ஸ்அப்பில் சுற்றாத ஊர் இல்லை. "துணிப்பையெல்லாம் ஏமாற்று" என்று சொல்கிறவர்கள் இதைத்தான் நீட்டுகிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுபவை சில உண்டு. ஓசோன் படலப் பாதிப்பு என்ற ஒரே ஓர் அளவுகோல்தான் அந்த எண்ணை ஆயிரங்களுக்குத் தூக்கியது. அதைவிட முக்கியமானது, தெருவில் விழும் குப்பையை அந்த ஆய்வு கணக்கிலேயே எடுக்கவில்லை. டென்மார்க்குக்கு அது பொருந்தும். அங்கே பயன்படுத்திய பை குப்பைத் தொட்டிக்கும், அங்கிருந்து எரியுலைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. நம் ஊர்க் கவர் எங்கே போகிறது? மழைநீர் வடிகாலின் வாயில் அடைக்கிறது. சோற்று மிச்சத்தோடு முடிச்சுப் போட்டு வீசியதை மாடு கவரோடு விழுங்குகிறது. மிச்சம் சென்னையின் குப்பைக் கிடங்குகளான கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் போய்ப் பல பத்தாண்டுகளாக மலையாகக் குவிந்தது; பெருங்குடிக் குப்பை பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தையே தின்றது. மாட்டின் வயிற்றை அளக்காத தராசை வைத்துக்கொண்டு நம் ஊர்ப் பைக்குத் தீர்ப்பெழுத முடியாது.

ஆனாலும் அந்த ஆய்வுகள் சொல்லும் அடிப்படை உண்மையைத் தள்ளிவிட முடியாது. ஒரு பை பசுமையானதா என்பதை அதன் துணி முடிவு செய்வதில்லை, அது எத்தனை தடவை வீட்டைவிட்டுக் கிளம்புகிறது என்பதுதான் முடிவு செய்கிறது. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு, மழைநீரையும் சேர்த்து, உலக சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கிறது. நூறு கிராம் பைக்கு ஆயிரம் லிட்டர். பிறகு வெளுப்பு, சாயம். சாயம் என்ன செய்யும் என்பதைக் கொங்கு நாட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாசனத்துக்கென்று நொய்யல் ஆற்றின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் வரைக்கும் நிலைமை போனது. பிளாஸ்டிக்கை ஒழிக்கப் புதிதாகத் துணி நெய்து, அதற்கு மஞ்சள் சாயம் ஏற்றி, இயக்கத்தின் பெயரை அச்சடித்து விழாவில் கொடுக்கும்போது, அந்தச் சாயத் தண்ணீர் எங்கே போனது என்று கேட்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது. மஞ்சப்பை மஞ்சளாகத்தான் இருக்கவேண்டுமா? வெளுக்காத காடாத் துணியில் தைத்தால் போதாதா? பழைய வேட்டியிலோ திருப்பூரில் மிஞ்சும் வெட்டுத் துணியிலோ தைத்தது அதைவிட மேல். அந்தத் துணிக்கான தண்ணீரும் சாயமும் ஏற்கெனவே செலவழிந்தவை.

பெரும்பாலான வீடுகளில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கும். அதில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை, வளைகாப்பில் வாங்கிய பை, கருத்தரங்கில் கொடுத்த பை, தொழிற்சங்க மாநாட்டுப் பை என்று ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும். அடியில் கிடப்பது வெளியே வந்து வருடக்கணக்காகியிருக்கும். அந்த ஆணிக்கு இன்னொரு பையைச் சேர்ப்பதால் ஒரு கவர்கூடக் குறையாது. கல்யாணங்களில் இப்போது தாம்பூலத்தோடு துணிப்பை தருவது பசுமைச் செயலாகப் பேசப்படுகிறது. ஆயிரம் பேருக்கு ஆயிரம் புதுப் பை. அவர்களில் எத்தனை பேருக்குப் பை இல்லாமல் இருந்தது?

அந்தப் பைகளில் பல துணியே கிடையாது. தொட்டால் துணிபோலவே இருக்கும் நான்-வோவன் பை பாலிபுரொப்பிலின், அதாவது பிளாஸ்டிக். தொடர்ந்து வெயில் பட்டால் பொடிப்பொடியாக உதிரும். அந்தப் பொடியைப் பொறுக்கி எடுக்க ஆளில்லை. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்த 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்களில் நான்-வோவன் பையும் ஒன்று. அப்படியும் அது துணிப்பை என்ற பெயரில் கடைகளில் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. நம்பி வாங்குகிறவர் தான் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு போகிறார். இந்த ஏமாற்று எனக்குக் கவரைவிட அதிகக் கோபம் தருகிறது. இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒயர் கூடை. முழுக்கப் பிளாஸ்டிக். அக்கம்பக்கத்துப் பெண் ஒருவர் கையால் பின்னியது, இருபது வருடம் சந்தைக்குப் போய்வந்து, கைப்பிடி அறுந்தால் வேறு ஒயர் கோத்துக்கொண்டு இன்னும் போகிறது. பசுமைக் கண்காட்சி எதிலும் ஒயர் கூடையை வைக்கமாட்டார்கள். என் தீர்ப்பில் அது பல மஞ்சப்பைகளை முந்தி நிற்கிறது.

பழக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதை உழவர் சந்தையில் காலை வேளையில் நின்று பார்க்கலாம். பை கொண்டுவந்த அம்மா முதலில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வாங்குவார். பிறகு கத்தரி, வெண்டை. தக்காளி கடைசியில்தான். அதன்மேல் கீரைக்கட்டு, கொசுறாகக் கிடைத்த கறிவேப்பிலை, கொத்தமல்லி. இந்த வரிசை மாறினால் வீடு போய்ச் சேரும்போது தக்காளி ரசமாகியிருக்கும். "கவர்ல போடவாக்கா?" என்று கடைக்காரர் கேட்டு முடிக்குமுன் பையின் வாய் விரிந்துவிடும், தராசுத் தட்டு அப்படியே உள்ளே கவிழும். பக்கத்தில் பை இல்லாமல் வந்தவருக்கு வரிசை தேவையில்லை. காய்க்கு ஒரு கவர், ஐந்தாறு கவரோடு வண்டியில் மாட்டிக்கொண்டு போவார். ஆக, ஒரு மஞ்சப்பை ஒரு பயணத்தில் மிச்சப்படுத்துவது ஒரு கவரை அல்ல, ஐந்தாறை. பையொன்றுக்குப் பையொன்று என்று மேலோட்டமாக ஒப்பிடுகிறவர்கள் தவறவிடும் இடம் இது. மஞ்சப்பைக்கு ஆதரவாக நான் வைக்கும் மிக வலுவான வாதமும் இதுவே.

அதே சந்தையின் மீன் வரிசையில் மஞ்சப்பை தோற்றுப்போகிறது. மீனுக்கும் கறிக்கும் இட்லி மாவுக்கும் பார்சல் சாம்பாருக்கும் துணிப்பையால் ஆவது ஒன்றுமில்லை. முன்பு இந்த வேலையைத் துணிப்பை தனியாகப் பார்க்கவில்லை. தூக்குவாளி இருந்தது, கறிக்கடையில் இலை இருந்தது, தென் மாவட்டங்களில் மீனுக்கு ஓலைப்பெட்டி இருந்தது, மளிகைக்கடையில் பருப்பைத் தாளில் பொட்டலம் கட்டிச் சணல் நூலால் இழுத்துச் சுற்றினார்கள். மஞ்சப்பை அந்தக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர். மற்றவர்களை அழைக்காமல் அதை மட்டும் திரும்ப அழைத்து வந்திருக்கிறோம். இன்று மளிகைக்கடையிலிருந்து வரும் மஞ்சப்பையைத் திறந்தால் உள்ளே பருப்பு பாக்கெட், மசாலா பாக்கெட், ஷாம்பு சாஷே, பிஸ்கட் உறை. வெளியே பருத்தி, உள்ளே அத்தனையும் பிளாஸ்டிக்.

சாஷேயின் கதையில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பங்கு உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன், விலை உயர்ந்த பொருள்கள் ஏழை வீட்டுக்கும் போய்ச் சேரவேண்டும் என்றுதான் சின்ன உறைகளில் அடைத்து விற்கும் முறையை உருவாக்கினார். அவர் குடும்பத்தின் வெல்வெட் ஷாம்புவும், 1983-ல் அவருடைய மகன் தொடங்கிய சிக் ஷாம்புவும் இந்தியச் சந்தையையே திருப்பிப் போட்டன. அந்த நோக்கத்தில் குறை காண மாட்டேன். ஆனால் பல அடுக்குப் படலத்தால் ஆன அந்த உறையைப் பழைய சாமான் கடைக்காரர்கூட எடுத்துக்கொள்ள மாட்டார். 2019 தடை கையில் தூக்கும் பையைத் தடுத்தது. பால், எண்ணெய் போன்றவற்றின் உறைகளுக்கு விலக்குக் கொடுத்தது. பாலுக்கு விலக்கு தேவைதான். மற்றபடி, பறிமுதலும் அபராதமும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு விழுவது தள்ளுவண்டிக்காரர் மீதும் பூக்காரம்மா மீதும். கவர் இல்லை என்று அந்தம்மா சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். உறை உற்பத்தி செய்யும் பெருநிறுவனத்துக்கு அந்தக் கவலை கிடையாது. பசுமை வாழ்க்கையின் சுமை சம்பாத்தியம் குறைந்தவர் தோளிலும், பையை நினைவாக எடுத்துவைத்துத் துவைத்துக் காயப்போடும் வீட்டுப் பெண் தோளிலும் விழும்போது அறம் பற்றிய கேள்வி அங்கேயே எழுந்துவிடுகிறது.

மனத்தின் கணக்கும் ஒன்று உண்டு. சொந்தப் பை கொண்டுவரும் கலிபோர்னிய வாடிக்கையாளர்களை ஆராய்ந்து 2015-ல் உமா கர்மார்கரும் பிரையன் போலிங்கரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பையோடு வந்த நாளில் அவர்கள் இயற்கை விளைபொருள்களை அதிகம் வாங்கினார்கள்; நொறுக்குத் தீனியையும் அதிகம் வாங்கினார்கள். நல்லது செய்துவிட்டோம் என்ற திருப்தி தனக்கு ஒரு சலுகை கேட்கிறது. பை எடுத்துப் போவதையே சுற்றுச்சூழலுக்கான முழுக் கடமையாக நினைத்துவிடும் ஆபத்து நம்மிடமும் இருக்கிறது. அதற்காகப் பையை விட்டுவிடச் சொல்ல மாட்டேன்.

பிறகு எதுதான் பழக்கத்தை உண்டாக்கும்? நம் கண்ணெதிரே இரண்டு சான்றுகள் இருக்கின்றன. ஒன்று ரேஷன் கடை. அரிசிக்கு ஒரு பை, சர்க்கரைக்கு ஒரு பை, பருப்புக்கு ஒரு பை என்று ஏழையும் நடுத்தர வர்க்கமும் பல பத்தாண்டுகளாகத் தங்கள் பையோடுதான் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். எந்த இயக்கமும் அவர்களுக்கு வகுப்பெடுக்கவில்லை. கடை கவர் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். காய்கறிக் கடையில் பையை மறக்கிற அதே மனிதர் ரேஷன் கடைக்கு மறக்காமல் எடுத்துப்போகிறார்.

இன்னொன்று அரசு மதுக்கடையான டாஸ்மாக். காட்டில் வீசப்படும் மதுப் புட்டிகள் விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலையில் உயர்நீதிமன்றம் தலையிட, 2022-ல் நீலகிரியில் புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் வந்தது. புட்டிகளில் மிகப் பெரும்பகுதி திரும்பி வந்தது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் அது போனது. குடித்துவிட்டு வருகிறவர்களிடம்கூடப் பத்து ரூபாய் அந்தப் பொறுப்பைக் கொண்டுவந்துவிட்டது.

சென்னை கோயம்பேடு சந்தையில் 2022-ல் வைத்த தானியங்கி இயந்திரத்தில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை வரும். போட்ட காசு போட்டதுதான். அந்தப் பையும் கதவுக்குப் பின்னால் உள்ள ஆணிக்குத்தான் போகும். அதே பத்து ரூபாயை வைப்புத் தொகையாக மாற்றிப் பார்க்கலாம். உழவர் சந்தை வாசலில் பை எடுத்துக்கொண்டு, அடுத்த வாரம் கொண்டுவந்து கொடுத்தால் காசு திரும்பக் கிடைக்கட்டும். வேண்டாத பைகளை வீடுகளிலிருந்து வாங்கித் துவைத்து, கிழிந்ததைத் தைத்து, அதே வாசலில் வைக்கும் வேலையை மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் கொடுக்கலாம். புதுப் பை தைப்பதற்குக் கொடுக்கும் கூலியைப் பழைய பையை ஓடவைப்பதற்கும் கொடுத்தால் போதும். இயக்கத்தின் ஆண்டறிக்கை எத்தனை பை வழங்கினோம் என்று எண்ணுவதை விட்டு, ஒரு சந்தையில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கவர் விற்கிறது என்று எண்ணத் தொடங்க வேண்டும். இதில் ஆள் வேலை அதிகம். புட்டி திரும்பப் பெறும் திட்டத்தில் டாஸ்மாக் ஊழியர்கள், ஏற்கெனவே உள்ள வேலையோடு இதையும் எங்கள் தலையில் கட்டுகிறீர்களே என்று போராடினார்கள். அவர்கள் கேட்டது நியாயம். பை திரும்பப் பெறும் மேசைக்கு முதல் நாளிலிருந்தே தனி ஆளும் தனிச் சம்பளமும் ஒதுக்கவேண்டும்.