தற்பெயரும் பிறர் இட்ட பெயரும்: 'பிளெர்ட்' என்னும் சொல்லை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

அமெரிக்காவில், வாஷிங்டன் நகரை ஒட்டிய வர்ஜீனியா மாநிலப் பகுதியில், 2017ஆம் ஆண்டு 'பிளெர்ட்கான்' என்னும் ரசிகர் மாநாடு தொடங்கப்பெற்றது. சித்திரக்கதை, அறிவியல் புனைகதை, கணினி விளையாட்டு முதலியவற்றில் தோய்ந்த கறுப்பின மக்களை மையமாகக் கொண்டு, ஏனையோர் அனைவரையும் வரவேற்கும் மாநாடாக அது தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. 2002இல் பிலடெல்பியாவில் தொடங்கிய கறுப்பினச் சித்திரக்கதை மாநாடு அதற்கு முன்னோடியாகும். இந்தியாவில் இவற்றோடு ஒருபுடை ஒத்தது 'காமிக் கான்' விழா. அது 2011 பிப்ரவரியில் தில்லியில் தொடங்கி, 2012இல் பெங்களூருவுக்கு வந்தது.

'பிளெர்ட்கான்', 'காமிக் கான்' இரண்டும் ஒரே ஈற்றினைக் கொண்ட பெயர்கள். எனினும் முன்னது யாருடைய விழா என்பதைப் பெயரிலேயே அறிவிக்கிறது. பின்னது எதைப் பற்றிய விழா என்பதை மட்டும் அறிவிக்கிறது. ஒரு மக்கள் குழு தனக்குத் தானே இட்டுக்கொண்ட பெயரைத் தமிழில் தரும்போது அதன் பொருளைத் தந்தால் போதுமா என்னும் வினா இவ்வேறுபாட்டினின்று எழுகிறது. அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லின் அமைப்பு

'பிளாக்' என்னும் சொல்லின் முதல் மெய்களும், 'நெர்ட்' என்னும் சொல்லில் முதல் மெய் நீங்கிய எஞ்சிய பகுதியும் இணைந்து 'பிளெர்ட்' ஆயிற்று. 'நெர்ட்' என்பது 1950இல் டாக்டர் சூஸ் எழுதிய குழந்தைகள் நூல் ஒன்றில் கற்பனை உயிரொன்றின் பெயராக வந்தது. மறு ஆண்டே அமெரிக்க வார இதழ் ஒன்று அதனை இளைஞரின் வசைச்சொல்லாகப் பதிவு செய்தது. பின்னர் அது படிப்பிலோ கருவிகளிலோ கதைகளிலோ மூழ்கி, பழகத் தெரியாதவன் என்று கருதப்படுபவனைக் குறிக்கலாயிற்று. பொதுமக்களின் கற்பனையில் அவன் பெரும்பாலும் வெள்ளை இளைஞனாகவே இருந்தான்.

இங்கு கலப்புச்சொல்லுக்கும் தொகைக்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. 'வெண்டாமரை' என்னும் பண்புத்தொகை வெண்மையல்லாத தாமரையும் உண்டு என்பதை உணர்த்தி நிற்கும். அதுபோலவே 'கறுப்பு நெர்ட்' என்பதும், அடையின்றி வரும் 'நெர்ட்' கறுப்பர் அல்லர் என்னும் எண்ணத்தை மறைமுகமாக ஏற்றுக்கொள்கிறது. கலப்புச்சொல்லோ அவ்வாறு பிரிய இடந்தருவதில்லை. ஒரு பகுதியை நீக்கினால் மற்றதும் சொல்லாக நில்லாது. இரண்டும் ஓராளிடத்தே கூடாதவை என்னும் கருத்தை அச்சொல் தன் அமைப்பினாலேயே மறுக்கிறது.

தமிழ் மரபில் மொழிமுதலில் மெய்ம்மயக்கம் வாராது. வல்லின மெய் மொழியிறுதியில் நில்லாது. ஆகவே பேச்சில் இச்சொல் 'பிளெர்டு' என்றே ஒலிக்கும். எனினும் 'பிளாக்' என்பதும் அதே இகரத்தை ஏற்றே தமிழில் வழங்குவதால் இரு சொற்களின் உறவு செவிக்குப் புலனாகிறது. ஒலிபெயர்ப்பில் காக்கப்படும் இவ்வுறவு 'கறுப்பின அறிவுப்பித்தர்' போன்ற பொருள்பெயர்ப்பில் முற்றிலும் அழிந்துவிடுகிறது.

3. 'நெர்ட்' என்பதற்கு ஈடான சொற்கள்

தமிழில் 'புத்தகப் புழு' என்பதும் மாணவர் வழக்கான 'படிப்ஸ்' என்பதும் பாடப் படிப்பையே சுட்டுகின்றன. 'ரசிகர்' என்பது சுவைத்தலை அடியாகக் கொண்டது. திரைப்பட மன்றங்களின் வழியே அது பெருங்கூட்டத்தின் பெயராயிற்று. தனித்திருந்து ஒன்றில் ஆழ்பவனுக்கு அது பொருந்தாது.

பெங்களூருக் கல்லூரிகளின் கன்னட வழக்கில் ஓயாது படிப்பவனைக் 'குடுமி' என்பர். இதன் சொற்பிறப்பு எதுவாயினும், தமிழ்ச் செவிக்கு இச்சொல் உச்சிமயிர் முடிச்சை நினைவூட்டாமல் இராது. அம்முடிச்சு தமிழர் நினைவில் ஒரு வகுப்பாரின் கல்வி அடையாளமாகப் பதிந்துள்ளது. அமெரிக்க 'நெர்ட்' வெள்ளை நிறத்தோடு எண்ணப்பட்டதுபோல, இங்குக் கல்வியில் ஆழ்ந்தவன் சாதியோடு எண்ணப்படுகிறான். எனவே ஒரு தலித் மாணவன் தன்னைக் 'குடுமி' என்று சொல்லிக்கொள்ள நேரும்போது, பிளெர்ட் என்னும் சொல்லைப் பிறப்பித்த அதே முரண் தோன்றுகிறது. ஆனால் அம்முரணை ஒரு சொல்லுக்குள் அடக்கிப் பெருமையாக மாற்றும் பெயர் தமிழிலோ கன்னடத்திலோ பரவலாக வழங்கவில்லை.

வாசிப்பு இல்லாமையால் நேர்ந்த குறையன்று இது. அமர் சித்திரக் கதை வரிசையின் முதல் நூல்கள் பெங்களூருப் புத்தக விற்பனையாளர் ஜி. கே. அனந்தராமின் முயற்சியால் 1965இல் கன்னடத்திலேயே வெளிவந்தன. அம்பேத்கரின் வாழ்வைக் கோண்டு ஓவிய மரபில் கூறும் 'பீமாயணா' 2011இல், இந்தியக் காமிக் கான் தொடங்கிய ஆண்டிலேயே, வெளியாயிற்று. நூல் உண்டு, வாசகர் உண்டு, விழாவும் உண்டு. வாசகர் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயர் மட்டும் இல்லை.

4. 'உள்ளடக்கிய' என்னும் பெயரெச்சம்

இத்தகைய மாநாடுகளைப் பற்றி எழுதுவோர் 'அனைவரையும் உள்ளடக்கிய' என்னும் தொடரை ஆள்வர். பலரும் ஏற்ற மொழிபெயர்ப்பு இது, எனினும் குற்றமுடையது. 'அடக்கு' என்னும் வினை கொள்ளுதலையும் ஒடுக்குதலையும் ஒருங்கே உணர்த்தும். அதனினும் பெரிய குற்றம் வேற்றுமையில் உள்ளது. இத்தொடரில் விழாவே வினைமுதல், வருவோர் செயப்படுபொருள். ஒருவர் கதவைத் திறக்க, மற்றவர் உள்ளே விடப்படுகிறார்.

பிளெர்ட்கானில் நிகழ்வது இதற்கு மறுதலை. வேறிடங்களில் விருந்தினராக ஏற்கப்பட்டவர் அங்கு விருந்தோம்புநர் ஆகிறார். இவ்வுறவை 'அனைவர்க்கும் உரிய' என்னும் தொடர் செவ்விதின் உணர்த்தும். நான்காம் வேற்றுமை ஏற்று வருவோர் உரிமையுடையோர் ஆகின்றனர், உள்ளடக்கப்படுவோர் அல்லர்.

5. தற்பெயரின் பயணம்

சமூகப் பெயர்களுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. அப்பெயர் தன்மையிடத்தில் வருமா? 'நான் ஒரு பிளெர்ட்' என்று ஒருவர் கூறலாம். 'நான் ஒரு கறுப்பின அறிவுப்பித்தர்' என்று எவரும் கூறார். 'ஹரிஜன்' பிறர் இட்ட பெயராகவே நின்றமையால் கைவிடப்பட்டது. மராத்தியிலிருந்து வந்த 'தலித்' பொருள்பெயர்க்கப்படாமலேயே தமிழில் தற்பெயராக நிலைபெற்றது.

பொருள்பெயர்ப்பு வெற்றி பெற்ற இடமும் உண்டு. மார்வெல் நிறுவனத்தின் 'பிளாக் பாந்தர்' என்னும் கறுப்பின நாயகன் 1966 ஜூலை மாத இதழில் தோன்றினான். அதே பெயரைக் கொண்ட அரசியல் கட்சி அவ்வாண்டு அக்டோபரில் கலிபோர்னியாவில் நிறுவப்பட்டது. அக்கட்சியின் பெயரைத் தழுவி 1972இல் மும்பையில் 'தலித் பாந்தர்' இயக்கம் எழுந்தது. தமிழில் அது 'சிறுத்தை' ஆயிற்று. இங்குச் சொல்லைத் தேர்ந்தவர் கலைச்சொற் குழுவினர் அல்லர்; அப்பெயரைத் தாமே சுமக்க முன்வந்தோர். 'நாங்கள் சிறுத்தைகள்' என்று தன்மையிடத்தில் கூற முடிந்தமையால் அது வாழ்கிறது. 2018இல் 'பிளாக் பாந்தர்' திரைப்படம் தமிழில் மொழிமாற்றம் பெற்று வெளிவந்தபோது, கதைநாயகனின் பெயர் இங்கு ஏற்கெனவே வேர்விட்டிருந்தது.

ஆயினும் ஒப்புமையை ஒருமையாகக் கொள்ளுதல் தகாது. ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் போராடிய அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். பெங்களூருவிலிருந்து 'தலித் வாய்ஸ்' இதழை 1981இல் தொடங்கிய வி. டி. ராஜசேகர், 1987இல் வெளியான தம் நூலின் தலைப்பிலேயே தலித்துகளை இந்தியாவின் கறுப்பினத் தீண்டப்படாதோர் என்றார். புலே இரு வரலாறுகளையும் அருகருகே வைத்தார். ராஜசேகர் ஒன்றை மற்றதன் பெயரால் அழைத்தார். பிளெர்ட் என்பதைத் 'தலித் நெர்ட்' எனப் பெயர்ப்பவர் பின்னவர் வழியில் சென்று, கறுப்பினத்தாரின் பெயரையும் தலித்துகளின் பெயரிடும் உரிமையையும் ஒருசேரப் பறிக்கிறார்.

6. முடிவுரை

தற்பெயரை ஒலிபெயர்த்து, அதன் விளக்கத்தை முதலில் வருமிடத்துத் தொடருக்குள்ளேயே தருதல் முறையாகும். அயல் ஒலி தமிழுக்கு ஒவ்வாது என்பாருக்குத் 'தலித்' என்னும் சொல்லின் வரலாறே விடையாகும். ஒலிபெயர்ப்பு இங்குச் சோம்பலின் விளைவன்று. பிறர் பெயரை மாற்ற மறுக்கும் மதிப்பாகும்.

பெங்களூரு விழா அரங்கில் ஒதுங்கி நிற்கும் தலித் வாசகருக்கு ஒரு பெயரை மொழியியலார் ஆக்கித் தர முனைதலும் வேண்டா. அப்பெயர் அவர்களிடமிருந்தே பிறத்தல் வேண்டும். பிறக்கும் நாளில் அது கொச்சையாகவோ கலப்பாகவோ இருக்கக்கூடும். அன்று அதனைத் திருத்தாமல் பதிவு செய்வதே அகராதியாளரின் கடமையாகும்.