மூன்றாண்டு வேலை, ஐந்தாண்டுப் பட்டம்

அண்ணா பல்கலைக்கழகம், சென்னை ஐஐடி போன்ற தொழில்நுட்பக் கல்வி நிலையங்களில் ஆய்வுப் பணிக்கான அறிவிப்புகள் பெரும்பாலும் ஒரு பேராசிரியரின் திட்டத்தைச் சார்ந்தவை. பணி தற்காலிகமானது, திட்டத்தோடு முடிவடையும் என்ற வரி அவற்றில் தவறாமல் இருக்கும். இந்த ஏற்பாட்டை முழுக்கப் பழிப்பது நியாயமல்ல. நிரந்தரப் பணியிடம் ஒன்றை உருவாக்கி நிரப்ப ஆண்டுகள் ஓடிவிடும். திட்டத்துக்கு நிதி ஒப்புதல் கிடைத்துவிட்டால் சில வாரங்களில் ஆளெடுத்து ஆய்வைத் தொடங்கலாம். சிறு நகரக் கல்லூரியில் எம்.எஸ்சி. முடித்தவர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கைப்பழக்கம் பெறும் முதல் இடமாகவும் இது அமைகிறது. ஊதியமும் பேரம் பேசித் தீர்மானிக்கப்படுவதில்லை. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கான மத்திய அரசு உதவித்தொகை மாதம் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாக உயர்ந்தது. வீட்டு வாடகைப்படி தனி.

குறை கால அளவில் இருக்கிறது. ஆய்வுத் திட்டங்கள் பல மூன்று ஆண்டுகளுக்கானவை. முனைவர் பட்டத்துக்கோ பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் மூன்று முதல் ஆறு ஆண்டுகள் வரை இடம் தருகின்றன. சோதனைக்கூட ஆய்வில் ஐந்து ஆண்டுகள் ஆவது இயல்பு. அறிவிப்பு வெளிவரும்போதே திட்டத்தில் ஓராண்டு கழிந்திருந்தால், சேருபவர் கையில் மிஞ்சுவது இரண்டே ஆண்டுகள். கருவி வாங்கிப் பொருத்துவதிலேயே அதில் கணிசமான பகுதி போகும். தரவுகள் கைகூடும் நேரத்தில் உதவித்தொகை நிற்கிறது. நிதியின் அடுத்த தவணை தாமதமானாலும் முதலில் அடிபடுவது இவருடைய மாதச் சம்பளம்தான். திட்டத்தின் நிச்சயமின்மை முழுவதையும், அதைத் தாங்க வசதியே இல்லாதவரின் தோளில் ஏற்றுகிறோம். வீட்டில் பணம் இருப்பவர் ஆறு மாதம் சம்பளமின்றி ஆய்வை முடித்துவிடுவார். இல்லாதவர் பாதியில் விட்டு வேறு வேலைக்குப் போவார். திறமையைப் பார்த்துத் தொடங்கிய தேர்வைக் குடும்ப வருமானம் முடித்து வைக்கிறது. இதுதான் என் முதன்மையான குற்றச்சாட்டு.

நிதி தருபவர் காலக்கெடு வைக்கும்போது பேராசிரியரால் என்ன செய்ய முடியும் என்பார்கள். தனி ஒரு பேராசிரியரால் முடியாது, உண்மை. ஆனால் திட்ட நிதியில் ஒரு பங்கை நிர்வாகச் செலவுக்கென நிறுவனமே பெற்றுக்கொள்கிறது. பல திட்டங்களிலிருந்து சேரும் அந்தத் தொகையில் சிறு பகுதியை ஒதுக்கினால், இரு திட்டங்களுக்கு இடையிலான சில மாதங்களுக்கு உதவித்தொகை தொடரும். தற்காலிகம் என்று தெரிந்துதானே விண்ணப்பிக்கிறார்கள் என்பது இன்னொரு வாதம். அந்தச் சொல் மட்டும் விண்ணப்பிப்பவருக்குப் போதுமான தகவல் ஆகாது. திட்டத்தில் எத்தனை மாதங்கள் மிச்சம், முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்ய முடியுமா, நிதி நின்றால் ஆய்வகத்தில் தொடர வழி உண்டா என்ற மூன்றையும் அறிவிப்பிலேயே எழுதலாம். இதற்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை. அடுத்த அறிவிப்பிலிருந்தே தொடங்கலாம்.